‘உங்க போன்ல 13 வைரஸ் இருக்கு!’ - மிரட்டும் பாப்-அப்... அந்த 2 நிமிஷத்துல நீங்க என்ன செய்யணும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா போனில் மீன் குழம்பு ரெசிப்பி தேடிக்கொண்டிருக்கிறார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. போன் கையிலேயே ‘டர்ர்ர்’ என்று அதிர்கிறது. ‘எச்சரிக்கை! உங்கள் போனில் 13 வைரஸ்கள் உள்ளன. 2 நிமிடங்களுக்குள் நீக்காவிட்டால் சிம் கார்டு பழுதாகும். போட்டோக்கள் அழிந்துவிடும்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. மேலே கூகுள் லோகோ. போனின் மாடல் பெயர்கூடச் சரியாக இருக்கிறது. கீழே 1:59, 1:58 என்று கவுன்ட் டவுன் ஓடுகிறது.

“ஏய், இங்க கொஞ்சம் வந்து பாரேன்... போன்ல ஏதோ வைரஸ்னு வருது” என்று அம்மா கூப்பிடுகிறார்.

அடுத்த ரூமில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்? “ரெண்டு நிமிஷம் இரும்மா, வர்றேன்!”

அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதே இரண்டு நிமிடம்தான். நீங்கள் எழுந்து வருவதற்குள் அம்மா ‘இப்போதே சுத்தம் செய்’ என்ற பச்சை பட்டனைத் தொட்டிருந்தால், கதை வேறு எங்கோ போய்விடும்.

“இதெல்லாம் ஃபேக்னு எனக்குத் தெரியாதா பாஸ்?” என்று கேட்கிறீர்களா? உங்களுக்குத் தெரியும். ஆனால், உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபேக் என்று தெரிந்த உங்களுக்கே, அது எப்படி வேலை செய்கிறது, தொட்டுவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? வாங்க, அந்தச் சிவப்புத் திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

வாசலில் நின்று கொல்லைப்புறப் பாம்பைப் பார்த்த கதை

முதலில் ஓர் அடிப்படை விஷயம். ஒரு வெப்சைட்டால் உங்கள் போனை ஸ்கேன் செய்ய முடியாது. குரோம், சஃபாரி போன்ற பிரவுசர்கள் எந்த வெப்சைட்டையும் ஒரு வேலிக்குள்தான் வைத்திருக்கின்றன. உங்கள் போட்டோக்களையோ, மற்ற ஆப்களையோ, போனின் உள் கோப்புகளையோ அது தானாகப் போய்ப் புரட்டிப் பார்க்க முடியாது. அப்படியிருக்க, 13 வைரஸை எங்கே எண்ணியது? எண்ணவே இல்லை. அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர் டைப் செய்த நம்பர் அது.

“அப்போ என் போன் மாடல் எப்படித் தெரிஞ்சுது?” நல்ல கேள்வி. நீங்கள் எந்த வெப்சைட்டுக்குப் போனாலும், ‘நான் இன்ன பிரவுசர், இன்ன ஆண்ட்ராய்டு’ என்று பிரவுசரே அறிமுகம் செய்துகொள்கிறது. பக்கம் உங்கள் திரைக்கு ஏற்றபடி தெரிவதற்காக வந்த ஏற்பாடு இது. பல நேரங்களில் போன் மாடலும் அதிலேயே போய்விடும். உங்கள் இன்டர்நெட் முகவரியை வைத்து நீங்கள் இருக்கும் ஊரையும், எந்த நெட்வொர்க் என்பதையும் தோராயமாகச் சொல்லிவிடலாம். திரையைத் தொட்டபின் போனை அதிர வைக்கவும் வெப்சைட்டால் முடியும். இதெல்லாம் எல்லா வெப்சைட்களுக்கும் கிடைக்கும் சாதாரணத் தகவல்கள். மோசடிக்காரர்கள் அதையே மந்திரம்போலக் காட்டுகிறார்கள்.

தெருவில் போகும் ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, “கொல்லைப்புறத்துல 13 பாம்பு இருக்குங்க, 500 ரூபா குடுத்தா பிடிச்சுத் தர்றேன்” என்றால் நம்புவீர்களா? பெயரைச் சரியாகச் சொன்னதால் பாம்பும் உண்மையாகிவிடுமா? அவ்வளவுதான் விஷயம்.

எங்கிருந்து வருகிறது இது?

பெரும்பாலும் விளம்பரம் வழியாகத்தான். புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகப் போடும் தளங்கள், மேட்சை ஓசியில் காட்டும் தளங்கள், ‘பிரீமியம் ஆப் இலவசம்’ என்று அழைக்கும் தளங்கள் போன்றவற்றில் ‘ப்ளே’ பட்டனைத் தொட்டால் வேறு இரண்டு பக்கங்கள் திறக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தப் பக்கங்களுக்கு ஆட்களை அனுப்புவதுதான் அந்தத் தளங்களின் வருமானம். நல்ல தளங்களிலும் விளம்பர நெட்வொர்க் வழியாக இப்படி ஒரு விளம்பரம் எப்போதாவது நுழைந்துவிடுவது உண்டு. ஆகவே, “நீ கண்ட சைட்டுக்குப் போனதாலதான் வந்துச்சு” என்று அம்மாவைத் திட்ட வேண்டாம். மீன் குழம்பு தேடினாலும் வரும்.

கம்ப்யூட்டர் காலத்துப் பழைய வியாபாரம்

இந்த டெக்னிக் புதிதல்ல. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் காலத்திலேயே இதற்கு ‘ஸ்கேர்வேர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதாவது, பயமுறுத்தி விற்கும் சாஃப்ட்வேர். ‘வின்ஃபிக்ஸர்’ போன்ற பெயர்களில் போலி ஸ்கேன் காட்டி, இல்லாத வைரஸை நீக்கப் பணம் வாங்கிய ஒரு கும்பலை 2008-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கோர்ட்டுக்கு இழுத்தது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 2012-ல் அந்த வழக்கில் விதிக்கப்பட்ட தொகை 16.3 கோடி டாலர்.

அதன்பிறகு கும்பல்கள் ஆன்ட்டிவைரஸ் விற்பதோடு நிற்கவில்லை. பாப்-அப்பிலேயே ஒரு போன் நம்பரைப் போட்டார்கள். ‘மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை உடனே அழைக்கவும்’. அழைத்தால் மறுமுனையில் இனிமையாகப் பேசும் ஓர் ஆள். அவர் சொல்லும் ஆப்பை இன்ஸ்டால் செய்தால், கம்ப்யூட்டர் அவர் கைக்குப் போய்விடும். அமெரிக்காவில் மட்டும் இந்த ‘டெக் சப்போர்ட்’ மோசடியில் இழந்ததாகப் புகார் செய்யப்பட்ட தொகை 2023-ல் 92 கோடி டாலருக்கு மேல். 2024-ல் அது சுமார் 146 கோடி டாலர் என்கிறது எஃப்.பி.ஐ-யின் அறிக்கை. ஏமாந்தவர்களில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

இங்கேதான் நமக்கு ஒரு சங்கடமான விஷயம் இருக்கிறது. அந்த அழைப்புகளை எடுத்த கால் சென்டர்களில் பல இந்தியாவில் இயங்கியவை. மைக்ரோசாஃப்ட்டும் அமேஸானும் கொடுத்த புகார்களின் பேரில், 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது சி.பி.ஐ. அந்த போலி ‘சப்போர்ட் இன்ஜினீயர்’கள் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. நம் வயசுப் பசங்களும் அதில் உண்டு.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தங்களின் உண்மையான எச்சரிக்கைச் செய்தியில் போன் நம்பர் எப்போதுமே இருக்காது. நம்பர் இருந்தால் போலி. அவ்வளவு சிம்பிள்!

பச்சை பட்டனைத் தொட்டால் என்ன ஆகும்?

தொட்ட உடனே பேங்க் பேலன்ஸ் காலியாகிவிடாது. அது சினிமாவில். நிஜத்தில் அந்தப் பட்டனுக்குப் பின்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறக்க நம்முடைய அனுமதி வேண்டும். பயத்தில் நாமே அதைக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் கதவு, நோட்டிஃபிகேஷன். ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய ‘அலவ்’ கொடுங்கள்’ என்று கேட்கும். கொடுத்தால், அந்தத் தளம் உங்கள் நோட்டிஃபிகேஷன் பட்டியிலேயே செய்தி அனுப்பும் உரிமையைப் பெற்றுவிடும். அதன்பிறகு பிரவுசரை மூடியிருந்தாலும் ‘வைரஸ்... வைரஸ்...’ என்று மணிக்கொரு தடவை வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்குப் போனே சொல்வதுபோல இருக்கும். “போன்ல நிஜமாவே வைரஸ் ஏறிடுச்சு” என்று சர்வீஸ் கடைக்கு வரும் போன்கள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

இரண்டாவது கதவு, ‘கிளீனர்’ ஆப். பிளே ஸ்டோருக்கு வெளியே, ஏ.பி.கே ஃபைலாக டவுன்லோடு ஆகும். இன்ஸ்டால் ஆனதும் எஸ்.எம்.எஸ் படிக்க, நோட்டிஃபிகேஷன் பார்க்க, ‘அக்சஸிபிலிட்டி’யைப் பயன்படுத்த என்று அனுமதி கேட்கும். எஸ்.எம்.எஸ் படிக்க முடிந்தால் ஓ.டி.பி-யும் படிக்க முடியும் இல்லையா? வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், டிராஃபிக் அபராத சலான் என்றும் வரும் ஏ.பி.கே ஃபைல்கள் செய்வதும் இதையேதான். பத்திரிகை என்றால் போட்டோவாகவோ பி.டி.எஃப்-ஆகவோ வரும். எந்தக் கல்யாணத்துக்கும் ஆப் இன்ஸ்டால் செய்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

மூன்றாவது கதவு, போன் நம்பர். அழைத்தால் ‘எனி டெஸ்க்’ போன்ற ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். தூரத்தில் இருந்து இன்னொருவரின் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஐ.டி ஊழியர்கள் தினமும் பயன்படுத்தும் நல்ல ஆப்தான் அது. ஆனால், அதில் வரும் எண்ணை அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்வது, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நாமும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல. இந்த முறையில் யு.பி.ஐ மூலம் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

பயம், அவசரம், தனிமை

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், இந்தச் சிவப்புத் திரையும் இன்று நாடே பேசும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியும் ஒரே ஃபார்முலாவில் செய்யப்பட்டவை என்பது புரியும். பயம், அவசரம், தனிமை.

பாப்-அப் சொல்கிறது: ‘போன் போய்விடும், 2 நிமிடம்தான் இருக்கிறது.’ டிஜிட்டல் அரெஸ்ட் ஆசாமி வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து சொல்கிறான்: “உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. விசாரணை முடியுற வரைக்கும் காலை கட் பண்ணக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது.” முதலில் பயமுறுத்து. அடுத்து யோசிக்க நேரம் கொடுக்காதே. கடைசியாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசவிடாதே. மூன்றும் சேர்ந்துவிட்டால் ஓய்வுபெற்ற பேராசிரியரும் ஏமாறுவார், டாக்டரும் ஏமாறுவார். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2024-ன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இந்தியர்கள் இழந்த பணம் சுமார் 120 கோடி ரூபாய். அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் மோடியே ‘மன் கி பாத்’ நிகழ்ச்சியில், ‘சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது’ என்று விளக்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் இந்த வழக்குகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ-க்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒட்டுமொத்தமாக எல்லா வகை சைபர் மோசடிகளையும் சேர்த்தால், 2024-ல் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு!

இங்கே ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். யாருக்குப் போன் செய்தாலும், ரிங் போவதற்கு முன்பு ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று காலர் ட்யூனில் பாடம் நடத்தினார்கள். நல்லதுதான். ஆனால், அந்த 22,845 கோடியும் காற்றில் கரைந்துவிடவில்லை. ஏதோ ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு வங்கி திறந்து கொடுத்திருக்கிறது. அந்த சிம் கார்டை ஒரு நிறுவனம் விற்றிருக்கிறது. அந்த விளம்பரத்தை ஒரு நெட்வொர்க் காசு வாங்கிக்கொண்டு காட்டியிருக்கிறது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய பொறுப்பு மீன் குழம்பு தேடிய அம்மாவின் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை.

மாற்றங்கள் மெதுவாக வருகின்றன. வங்கிகளின் வெப்சைட் முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்றும், அதை 2025 அக்டோபருக்குள் முடிக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. உங்கள் வங்கியின் பெயரில் வரும் லிங்க் வேறு மாதிரி முடிந்தால், தொடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

“நான்லாம் ஏமாற மாட்டேன் ப்ரோ!”

சிவப்புத் திரைக்கு நீங்கள் ஏமாற மாட்டீர்கள். சரி. உங்களுக்கு வேறு கலரில் வரும்.

‘வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்’ என்று டெலிகிராமில் வரும். முதல் நாள் 150 ரூபாய் உண்மையிலேயே கணக்கில் ஏறும். நான்காவது நாள் ‘பிரீமியம் டாஸ்க்’குக்கு 5,000 கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் ஸ்கிரீனில் 9,000-ஆக வளர்ந்து நிற்கும். எடுக்கப் போனால், ‘இன்னும் 20,000 கட்டினால்தான் எடுக்க முடியும்’ என்பார்கள். அப்பா, அம்மாவுக்குப் பயத்தைக் காட்டி வாங்குவதை உங்களிடம் ஆசையைக் காட்டி வாங்குகிறார்கள்.

இதைவிட ஆபத்தான இன்னொன்று இருக்கிறது. “உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் குடு மச்சி, மாசம் 5,000 தர்றேன்” என்று காலேஜ் நண்பனின் நண்பன் கேட்பான். ஏ.டி.எம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் போதும் என்பான். மோசடிப் பணத்தை இடம் மாற்றப் பயன்படும் இந்தக் கணக்குகளுக்கு ‘மியூல் அக்கவுன்ட்’ என்று பெயர். மியூல் என்றால் சுமை சுமக்கும் கோவேறு கழுதை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு தாத்தாவின் ஓய்வூதியப் பணம் உங்கள் கணக்குக்கு வந்து, பத்து நிமிடத்தில் வேறு பத்து கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கும். போலீஸ் வரும்போது ரெக்கார்டில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் போட்டோ. “எனக்கு எதுவும் தெரியாது சார்” என்ற வசனம் அங்கே எடுபடுவது கஷ்டம்.

மூன்றாவது கதை இன்னும் கொடுமை. ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்’ என்று விமானம் ஏற்றி, எல்லை தாண்டி மியான்மருக்கும், இன்னும் சிலரை கம்போடியாவுக்கும் லாவோஸுக்கும் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்துக்கொண்டு மோசடி அழைப்புகளைச் செய்யவைக்கிறார்கள். மறுத்தால் அடி உதை. 2022-ல் மியான்மரின் மியாவடி பகுதியில் இப்படிச் சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுவந்தது அரசு. அம்மாவின் போனில் சிவப்புத் திரை காட்டும் தொழிலின் மறுமுனையில், உங்கள் வயதுக்காரர் ஒருவர் அழுதுகொண்டே ஸ்கிரிப்ட் படித்துக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டு வேலை என்றால், வெளியுறவுத் துறையில் பதிவுசெய்த ஏஜென்ட்தானா என்று பார்க்காமல் டிக்கெட் வாங்காதீர்கள்.

சரி, வந்துவிட்டது... என்ன செய்வது?

* போனில் பாப்-அப் வந்தால்: அந்தப் பக்கத்தில் எதையும் தொட வேண்டாம். ‘க்ளோஸ்’, ‘கேன்சல்’ என்று அதில் இருக்கும் பட்டன்களும் படமாக இருக்கலாம். ஹோம் பட்டனைத் தொட்டு வெளியே வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் பட்டியலைத் திறந்து, பிரவுசரைத் தள்ளி மூடுங்கள். மறுபடி திறக்கும்போது அந்த டேப் இருந்தால், டேப் பட்டியலில் இருந்தே அதை நீக்குங்கள். பிறகு பிரவுசிங் ஹிஸ்டரியை அழித்துவிடுங்கள். ஐபோனிலும் இதே கதைதான். அங்கேயும் இந்தத் திரை போலியே.

* நோட்டிஃபிகேஷனாக வந்துகொண்டே இருந்தால்: குரோமில் மூன்று புள்ளிகள், செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர்களை எல்லாம் ‘பிளாக்’ செய்யுங்கள். ‘வைரஸ்’ அத்தோடு ஒழிந்தது.

* லேப்டாப்பில் திரை முழுக்க மூடிக்கொண்டால்: ‘எஸ்கேப்’ பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா? ‘ஆல்ட் + எஃப்4’. அதுவும் இல்லையென்றால் ‘கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப்’ அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மீண்டும் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரில் சைரன் அலறினால் பதற வேண்டாம், சத்தத்தைக் குறைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

* தெரியாத ஆப் இன்ஸ்டால் ஆகிவிட்டால்: முதலில் ஏரோப்ளேன் மோடு. வைஃபையும் ஆஃப். அக்சஸிபிலிட்டி செட்டிங்கிலும், டிவைஸ் அட்மின் பட்டியலிலும் அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிட்டு, ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். போகவில்லை என்றால் சேஃப் மோடில் போனை ஆன் செய்து நீக்கலாம். பிறகு, வேறொரு போனில் இருந்து பேங்க், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அதே போனில் மாற்றினால், புதுப் பாஸ்வேர்டும் அவர்களுக்கே போய்ச் சேரலாம்.

* பணம் போய்விட்டால்: உடனே 1930. இது தேசிய சைபர் மோசடி உதவி எண். பணம் ஒரு கணக்கில் இருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை முடக்கிவைக்க முடியும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைத் தங்க நேரம் என்கிறார்கள். எவ்வளவு பணம், எப்போது, எந்தக் கணக்கில் இருந்து, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘சைபர்க்ரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன்’ தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். கூடவே உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

வங்கிக்கு ஏன் உடனே சொல்ல வேண்டும்? இதில் ஒரு சட்டப் பாயின்ட் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையது இல்லை. ஓ.டி.பி., பின் நம்பரை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன இழப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு ஆகும் இழப்பு வங்கியுடையது. அதாவது, தவறு உங்கள் மீதே இருந்தாலும், நீங்கள் போன் செய்த அந்த நிமிஷத்தில் இருந்து கணக்கு மாறுகிறது. “மானம் போகுதே, நாளைக்குச் சொல்லிக்கலாம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்போ மெசேஜோ மட்டும் வந்தது என்றால், மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்‌ஷு’ பகுதியில் புகார் செய்யலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். ஒருமுறை பாருங்கள், ஆச்சர்யம் காத்திருக்கலாம்.

வீட்டோட டெக் சப்போர்ட் நீங்கதான்!

கடைசியாக, டெக்னாலஜிக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்.

ஏமாந்தவர்கள் பலர் அதை வீட்டில் சொல்வதே இல்லை. ஏன்? “அதை எதுக்குத் தொட்டீங்க? அறிவில்லையா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!” என்ற வசனத்துக்குப் பயந்துதான். யோசித்துப் பாருங்கள். மோசடிக்காரன் “ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, நான் சரிபண்ணித் தர்றேன்” என்று பொறுமையாகப் பேசுகிறான். நாம் எரிந்து விழுகிறோம். அப்புறம் அம்மா யாரை நம்புவார்?

நமக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, எத்தனை தடவை விழுந்தோம் என்று அப்பா கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால், அவர் மூன்றாவது தடவை “இந்த ஸ்கிரீன்ஷாட் எப்படிப்பா எடுக்கிறது?” என்று கேட்டால் நமக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. அந்த எரிச்சலில்தான் போலி கஸ்டமர் கேருக்கு இடம் கிடைக்கிறது.

இந்த வாரம் ஒரு நாள், வீட்டில் இருப்பவர்களின் போனை வாங்குங்கள். பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘அன்நோன் ஆப்ஸ்’ இன்ஸ்டால் செய்யும் அனுமதியை ஆஃப் செய்யுங்கள். குரோம் நோட்டிஃபிகேஷன் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். யு.பி.ஐ-யில் இணைத்திருக்கும் கணக்கில் சேமிப்பு மொத்தமும் இருக்கிறது என்றால், கொஞ்சமாகப் பணம் இருக்கும் வேறு கணக்கை இணைக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். 1930-ஐ கான்டாக்ட்டில் சேமித்துவையுங்கள். ‘பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையே இல்லை’ என்பதை ஒருமுறை உங்கள் போனில் இருந்து பத்து ரூபாய் அனுப்பிக் காட்டுங்கள். பத்து ரூபாயில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அரை மணி நேர வேலைதான். அதை முடித்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “எதையாவது தெரியாமத் தொட்டுட்டாலும், பணமே போயிட்டாலும், முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

சொன்னபடி திட்டாமலும் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

அடுத்த முறை அம்மா “ஏய், போன்ல ஏதோ வருது” என்று கூப்பிட்டால், மேட்ச் கடைசி ஓவரே ஆனாலும் எழுந்து போய்விடுங்கள். ஹைலைட்ஸ் ராத்திரி பார்த்துக்கலாம் பாஸ்!